விஜேந்தர் – ஆமிர் கான்: பேசிப் பேசியே நடக்காமல் போன சண்டை... பயமா, பணமா, எடையா?

கும்பகோணத்திலிருந்து திருவாரூர் போகும் சாலையில் இருக்கும் குடவாசல் மாதிரியான ஊர்களில் கபடிதான் ராஜா. பொங்கல் நெருங்கினால் டீக்கடைச் சுவரில் நோட்டீஸ் ஒட்டியிருக்கும். ‘55 கிலோ எடைப் பிரிவு, நுழைவுக் கட்டணம் இவ்வளவு, முதல் பரிசு இவ்வளவு’ என்று எல்லாம் அதில் தெளிவாக இருக்கும். ஆனால் ‘சார்பட்டா பரம்பரை’ 2021-ல் ஓடிடியில் வந்த பிறகு, இந்த டீக்கடைகளிலும் பாக்ஸிங் பேச்சு கொஞ்சம் சூடாகவே நடக்கிறது. சென்னையிலோ பெங்களூரிலோ வேலை பார்த்துவிட்டு லீவுக்கு ஊர் வரும் பையன்கள், கையில் போனை வைத்துக்கொண்டு பழைய சண்டை வீடியோக்களைத் தோண்டி எடுக்கிறார்கள்.

அங்கே தவறாமல் வரும் ஒரு கேள்வி, விஜேந்தர் சிங்கும் ஆமிர் கானும் ஏன் மோதவே இல்லை?

“மாப்ள, ஆமிர் பயந்துட்டான்டா. விஜேந்தர் சைஸைப் பாரு!” என்பது ஒரு கட்சி. “போடா, ஆமிர் கனெலோ கூடவே ரிங்ல ஏறினவன். விஜேந்தர்தான் சும்மா வாயால சவால் விட்டாப்ல” என்பது எதிர்க்கட்சி. மூன்றாவது ஆள், “ரெண்டு பேரும் பேசி வச்சு நடிச்சாய்ங்க, எல்லாம் விளம்பரம்” என்று முடித்து வைக்கப் பார்ப்பார்.

மூன்றிலும் கொஞ்சம் கொஞ்சம் உண்மை இருக்கலாம். ஆனால் மூன்றுமே முக்கியமான ஒன்றைத் தவறவிடுகின்றன. ஒரு பெரிய சண்டை நடக்காமல் போக யாரும் பயப்பட வேண்டிய அவசியமே இல்லை. தொழில்முறை குத்துச்சண்டையில், ஒன்றும் செய்யாமல் விட்டாலே சண்டை நடக்காது. அது எப்படி என்று பார்ப்போம்.

யார் இந்த இருவர்?

ஹரியானா மாநிலம் பிவானி பக்கத்துக் காளுவாஸ் கிராமத்துக்காரர் விஜேந்தர். 2008 பெய்ஜிங் ஒலிம்பிக்கில் 75 கிலோ பிரிவில் வெண்கலம் வாங்கினார். குத்துச்சண்டையில் இந்தியாவுக்குக் கிடைத்த முதல் ஒலிம்பிக் பதக்கம் அது. அடுத்த ஆண்டு மிலானில் நடந்த உலக சாம்பியன்ஷிப்பிலும் வெண்கலம். 2015-ல் அமெச்சூர் பாக்ஸிங்கை விட்டு, பிரிட்டனின் பிரபல புரமோட்டர் ஃப்ராங்க் வாரனிடம் ஒப்பந்தமாகித் தொழில்முறைக்குப் போனார்.

ஆமிர் கான் இங்கிலாந்தின் போல்டன் நகரில் பிறந்த, பாகிஸ்தான் வம்சாவளியைச் சேர்ந்த பிரிட்டிஷ் வீரர். 2004 ஏதென்ஸ் ஒலிம்பிக்கில் 17 வயதில் 60 கிலோ பிரிவில் வெள்ளி வென்றார். 2009-ல் ஆண்ட்ரியாஸ் கோட்டெல்னிக்கை வீழ்த்தி லைட் வெல்டர்வெயிட் உலக சாம்பியன் ஆனார். 2011-ல் ஜாப் ஜூடாவை வென்று இன்னொரு உலக பெல்ட்டையும் சேர்த்துக்கொண்டார்.

இங்கே ஒரு வேடிக்கை. ஆமிர் 2005-ல் தொழில்முறைக்கு வந்தபோது அவருடைய முதல் புரமோட்டரும் இதே ஃப்ராங்க் வாரன்தான். ஆனால் 2010-லேயே ஆமிர் அவரை விட்டு அமெரிக்காவின் கோல்டன் பாய் நிறுவனத்துக்குப் போய்விட்டார். விஜேந்தர் அதே வாசலில் நுழைந்தபோது ஆமிர் வெளியேறி 5 வருடம் ஆகியிருந்தது. இருவரும் ஒரே ஆளின் கையில் ஒரே நேரத்தில் இருந்திருந்தால், இந்தக் கட்டுரைக்கே வேலை இருந்திருக்காது.

பேச்சு எப்போது தொடங்கியது?

2016 ஜூலையில் டெல்லி தியாகராஜ் ஸ்டேடியத்தில் கெர்ரி ஹோப்பை வீழ்த்தி, டபிள்யூ.பி.ஓ. அமைப்பின் ஆசிய பசிபிக் சூப்பர் மிடில்வெயிட் பட்டத்தை வென்றார் விஜேந்தர். அந்த ஆண்டு டிசம்பரில் தான்சானியாவின் ஃப்ரான்சிஸ் செக்காவை 3-வது சுற்றிலேயே முடித்தார். இந்தியாவில் தொழில்முறை பாக்ஸிங்குக்கு டிவியும் கூட்டமும் இருக்கிறது என்பது முதல் முறையாகத் தெரிந்தது. அந்தச் சமயத்திலிருந்தே ஆமிர் – விஜேந்தர் பேச்சு கிளம்பிவிட்டது. ஆமிரும் இந்தியச் சந்தையை ஒரு கண்ணால் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். 2017-ல் இங்கே தொடங்கிய சூப்பர் பாக்ஸிங் லீகில் அவரும் ஒரு பங்காளி.

அப்புறம் இருவரும் மாறி மாறிப் பேட்டி கொடுப்பதும், ட்விட்டரில் சவால் விடுவதும், ரசிகர்கள் இரு பக்கமும் பிரிந்து திட்டிக்கொள்வதும் பல வருடம் ஓடியது. சண்டைக்கான தேதி மட்டும் வரவேயில்லை.

கபடிக்கும் பாக்ஸிங்குக்கும் என்ன வித்தியாசம்?

டீக்கடை விவாதத்தில் விடுபட்டுப் போகும் விஷயம் இங்கேதான் இருக்கிறது. ஊர்க் கபடியை நினைத்துப் பாருங்கள். ஆட்டத்தை நடத்துவது ஒரு குழு. அணிகள் பணம் கட்டிப் பதிவு செய்கின்றன. எடை பார்க்கிறார்கள். சீட்டுக் குலுக்கி யாருக்கு யார் என்று முடிவு செய்கிறார்கள். “இந்த டீமோட நாங்க ஆட மாட்டோம்” என்று யாரும் சொல்ல முடியாது. சொன்னால் தோற்றதாகக் கணக்கு.

ஒலிம்பிக் பாக்ஸிங்கும் அப்படித்தான். பெய்ஜிங்கில் விஜேந்தர் எதிராளியைத் தேர்ந்தெடுக்கவில்லை. ஏதென்ஸ் இறுதிப் போட்டியில் கியூபாவின் மரியோ கிண்டலானை ஆமிர் தேர்ந்தெடுக்கவில்லை. அட்டவணை சொன்னது, ஏறினார்கள்.

தொழில்முறை பாக்ஸிங்கில் அப்படி ஓர் அட்டவணையே கிடையாது. கிரிக்கெட்டுக்கு ஐ.சி.சி. மாதிரி ஒரே ஓர் அமைப்பும் கிடையாது. டபிள்யூ.பி.சி., டபிள்யூ.பி.ஏ., ஐ.பி.எஃப்., டபிள்யூ.பி.ஓ. என நான்கு பெரிய அமைப்புகள், நான்கு தனித்தனி பெல்ட்கள், நான்கு தனித்தனி தரவரிசைகள். இவை சண்டையை நடத்துவதில்லை. தங்கள் பெல்ட்டுக்கான சண்டையை அங்கீகரிக்க மட்டும் செய்கின்றன.

நடத்துபவர் புரமோட்டர். அரங்கத்தைப் பிடிப்பது, டிவியிடம் பேசுவது, இரு வீரர்களுக்கும் சம்பளம் ஒப்புக்கொள்வது, டிக்கெட் விற்பது எல்லாம் அவர் பொறுப்பு. லாபம் வந்தாலும் நஷ்டம் வந்தாலும் அவர் பாக்கெட். இரு வீரர்களுக்கும் வேறு வேறு புரமோட்டர் என்றால், இரண்டு வியாபாரிகள் ஒரே களத்து நெல்லைப் பங்கு போட உட்கார்ந்த கதைதான்.

கட்டாயப்படுத்தவே முடியாதா?

முடியும், ஒரு வழி இருக்கிறது. ஓர் எடைப் பிரிவில் ஒருவர் சாம்பியனாக இருந்து, அதே பிரிவின் தரவரிசையில் மேலே வரும் வீரர் ‘கட்டாயச் சவாலாளி’ என்ற இடத்தைப் பிடித்தால், சாம்பியன் அவருடன் மோதியே ஆக வேண்டும். இரு தரப்பும் பணத்தில் ஒத்துப்போகவில்லை என்றால், அந்த அமைப்பு சண்டையை ஏலம் விடும். யார் அதிகத் தொகை கேட்கிறாரோ அவர் நடத்தலாம். அந்தத் தொகை இரு வீரர்களுக்கும் சதவீதக் கணக்கில் பிரிக்கப்படும். சாம்பியன் மறுத்தால் பெல்ட் போய்விடும்.

அப்படியும் சிலர் பெல்ட்டை விட்டுக்கொடுப்பார்கள். 1992-ல் ஹெவிவெயிட் சாம்பியன் ரிடிக் போவ், சவாலாளி லெனாக்ஸ் லூயிஸுடன் மோதுவதற்குப் பதிலாக டபிள்யூ.பி.சி. பெல்ட்டை லண்டனில் பத்திரிகையாளர்கள் முன்னாலேயே குப்பைத் தொட்டியில் போட்டார். 1988 சியோல் ஒலிம்பிக் இறுதிப் போட்டியில் லூயிஸிடம் தோற்றவர் அவர். இருவரும் தொழில்முறையில் கடைசிவரை மோதவேயில்லை.

ஆனால் போவ் விஷயத்தில் குப்பைத் தொட்டியாவது இருந்தது. யார் விலகினார்கள் என்று உலகமே பார்த்தது. விஜேந்தர் – ஆமிர் கதையில் அதுவும் இல்லை. விஜேந்தரின் பட்டம் சூப்பர் மிடில்வெயிட்டில், அதுவும் ஆசிய பசிபிக் அளவிலான பட்டம். ஆமிர் அப்போது வெல்டர்வெயிட். இருவரும் ஒரே தரவரிசைப் பட்டியலில் ஒரு நாளும் பக்கத்தில் பக்கத்தில் வந்ததில்லை. அதனால் “நீங்கள் இருவரும் மோத வேண்டும்” என்று உத்தரவு போட உலகத்தில் எந்த அமைப்புக்கும் அதிகாரம் இல்லை. ஏலமும் கிடையாது, கெடுவும் கிடையாது. இருவரும் விரும்பி, இரண்டு புரமோட்டர்களும் விரும்பி, டிவியும் விரும்பினால் மட்டுமே நடக்கும் சண்டை அது.

சரி, எடை என்னாச்சு?

சூப்பர் மிடில்வெயிட்டின் உச்சவரம்பு 168 பவுண்டு, அதாவது 76.2 கிலோ. வெல்டர்வெயிட் 147 பவுண்டு, 66.7 கிலோ. வித்தியாசம் 9.5 கிலோ. 55 கிலோ கபடியில் 65 கிலோ ஆளை இறக்கினால் மைதானத்தில் என்ன கலாட்டா நடக்கும் என்று டெல்டாக்காரர்களுக்குச் சொல்லவே வேண்டாம்.

இதில் இன்னொரு சூட்சுமமும் இருக்கிறது. பாக்ஸர்கள் சண்டைக்கு முந்தைய நாள்தான் தராசில் ஏறுவார்கள். கொள்முதல் நிலையத்தில் ஈரப்பதம் 17 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்பதற்காக ரோட்டில் நெல்லைக் கொட்டிக் காயவைப்பது போல, கடைசி நாட்களில் உடம்பிலிருந்து தண்ணீரை வற்றவைத்து எடையைக் கொண்டுவருவார்கள். தராசை விட்டு இறங்கியதும் தண்ணீரும் சாப்பாடும் ஏறும். மறுநாள் ரிங்கில் நிற்பவர் தராசில் நின்றவரைவிடக் கனமானவர். பெரிய உடம்புக்காரர் கஷ்டப்பட்டு எடையைக் குறைத்தாலும், மறுநாள் அவர் உடம்பு அவருக்கே திரும்பி வந்துவிடும்.

அப்படியானால் எடைதான் காரணமா? முழுசாக இல்லை. ‘கேட்ச்வெயிட்’ என்று ஒரு வழி இருக்கிறது. இரு தரப்பும் பேசி நடுவில் ஓர் எடையை முடிவு செய்துகொள்வது. 2016 மே மாதம் மெக்சிகோவின் கனெலோ ஆல்வரெஸுடன் டபிள்யூ.பி.சி. மிடில்வெயிட் பட்டத்துக்காக ஆமிர் மோதியது அப்படித்தான். 155 பவுண்டு, அதாவது 70.3 கிலோ. முதல் சில சுற்றுகளில் வேகத்தால் நன்றாகவே தாக்குப்பிடித்தார். 6-வது சுற்றில் கனெலோவின் ஒரே ஒரு வலது குத்து. ஆமிர் மல்லாக்க விழுந்தார்.

இதனால் “ஆமிர் பயந்துட்டான்” கட்சிக்குப் பதில் கிடைக்கிறது. தன்னைவிடப் பெரியவருடன், அதுவும் உலகின் முன்னணி வீரருடன் ரிங்கில் ஏறியவரைக் கோழை என்று சொல்ல முடியாது. ஆனால் அதே சண்டை இன்னொன்றையும் காட்டிவிட்டது. எடை கூடக் கூட அவருக்கான ஆபத்தும் கூடும். அந்த ஆபத்துக்கு ஏற்ற விலை கிடைத்தால்தான் அது வியாபாரம். கனெலோ சண்டைக்கு அந்த விலையும் இருந்தது, உலக பட்டமும் இருந்தது. விஜேந்தருடன் மோதினால் எந்த பெல்ட்டும் இல்லை. விலையும் யார் தருவார் என்று தெரியாது.

பணம் யார் போடுவது?

பெரிய பாக்ஸிங் சண்டைகளின் உயிர்நாடி ‘பே பெர் வியூ’. ஒரு சண்டையைப் பார்க்க மட்டும் வீட்டுக்கு வீடு தனியாகக் காசு கட்டுவது. 2015 மே 2-ம் தேதி மேவெதர் – பக்கியாவ் சண்டையை அமெரிக்காவில் சுமார் 46 லட்சம் சந்தாக்கள் வாங்கிப் பார்த்தன. அப்படி ஒரு வசூல் இருப்பதால்தான் எதிரெதிர் முகாமில் இருந்த ஹெச்.பி.ஓ., ஷோடைம் என இரண்டு சேனல்களும் ஒன்றாக உட்கார்ந்தன. அதற்கும் ஐந்து வருடத்துக்கு மேல் ஆனது. 2010 மார்ச்சில் நடக்க வேண்டிய சண்டை, ரத்தப் பரிசோதனை பற்றிய தகராறில் முதலில் உடைந்து, பிறகு பலமுறை பேசி, கடைசியில் இருவரும் உச்சம் தாண்டிய பிறகுதான் நடந்தது.

ஆமிரின் ரசிகர்கள் இருந்தது பிரிட்டனில். அங்கே இந்தப் பழக்கம் உண்டு. விஜேந்தரின் ரசிகர்கள் இருந்தது இந்தியாவில். கேபிள் சந்தாவுக்கும் மொபைல் டேட்டாவுக்கும் காசு கட்டுவோம்; ஒரே ஒரு ராத்திரிச் சண்டைக்குத் தனியாகக் கட்டும் வழக்கம் இங்கே வேர் பிடிக்கவில்லை. அதாவது, சண்டையை அதிகம் ஆசைப்பட்ட நாட்டிடமிருந்து நேரடியாகக் காசு வசூலிக்க வழியில்லை. லட்சம் பேர் ஆசைப்படுவது வேறு, லட்சம் பேர் வாங்குவது வேறு. புரமோட்டர் பார்ப்பது இரண்டாவதைத்தான்.

ரசிகர்களின் ஆசைக்கு என்ன மதிப்பு என்று ஆமிருக்கே நன்றாகத் தெரியும். 2014-ல் தன் அடுத்த எதிராளி யார் என்று மேவெதர் ரசிகர்களிடம் ஓட்டுக் கேட்டார். ஜெயித்தது ஆமிர். மேவெதர் மோதியதோ மார்க்கோஸ் மைடானாவுடன். 2017-ல் பக்கியாவும் ட்விட்டரில் இதே மாதிரி ஓட்டெடுப்பு நடத்தினார். அதிலும் ஆமிர்தான் முதலிடம். ஏப்ரல் 23 என்று தேதிகூட அறிவித்தார்கள். ஐக்கிய அரபு அமீரகத்திலிருந்து வரும் என்று சொன்ன பணம் வரவில்லை. சண்டையும் இல்லை. பக்கியாவ் ஜூலையில் ஆஸ்திரேலியா போய் ஜெஃப் ஹார்னுடன் மோதினார். இரண்டு ஓட்டெடுப்பில் ஜெயித்து, இரண்டு சண்டையும் கிடைக்காதவர் ஆமிர்.

2019 ஜூலை: ஒரு நாள் வித்தியாசம்

இந்தச் சண்டை நடக்க வாய்ப்பு இருந்த காலம் என்றால் அது 2019-தான்.

விஜேந்தர் 2018 நவம்பரில் அமெரிக்காவின் பெரிய புரமோட்டர் பாப் ஆரமின் டாப் ரேங்க் நிறுவனத்தில் சேர்ந்தார். ஆமிர் அதே ஆண்டு ஜனவரியிலேயே எட்டி ஹெர்னின் மேட்ச்ரூமில் சேர்ந்திருந்தார். இரண்டும் போட்டி நிறுவனங்கள். ஒன்றின் சண்டைகள் அமெரிக்காவில் ஈ.எஸ்.பி.என்.னில், மற்றதன் சண்டைகள் பிரிட்டனில் ஸ்கை சேனலில். ஆனாலும் கதவு முழுசாக மூடியிருக்கவில்லை. 2019 ஏப்ரலில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், டாப் ரேங்கின் நட்சத்திரம் டெரன்ஸ் க்ராஃபோர்டுடன் ஆமிர் மோதி 6-வது சுற்றில் தோற்றார். ஆகவே, டாப் ரேங்க் வீரருடன் ஆமிர் மோத முடியும் என்பது நிரூபணமான விஷயம்.

விஜேந்தரோ அந்த ஏப்ரலில் லாஸ் ஏஞ்சலீஸில் மோத வேண்டியவர். பயிற்சியில் வெட்டுக் காயம் பட்டு விலகினார். மே மாதம் தெற்கு டெல்லி தொகுதியில் காங்கிரஸ் வேட்பாளராக நின்று தோற்றார். ஜூலையில்தான் மீண்டும் ரிங்.

இந்த நேரத்தில் ஆமிர் ஓர் இந்தியருடன் மோத ஒப்புக்கொண்டார். விஜேந்தருடன் இல்லை, ஹரியானாவின் இன்னொரு வீரர் நீரஜ் கோயத்துடன். இடம் சவூதி அரேபியாவின் ஜெட்டா, தேதி ஜூலை 12. கோயத் வெல்டர்வெயிட், அதனால் எடைப் பிரச்சினை இல்லை. பணம் சவூதியிலிருந்து. இந்திய எதிராளி இருந்தால் இந்தியச் சந்தையும் திரும்பிப் பார்க்கும். விஜேந்தரிடம் கிடைக்க வேண்டிய அத்தனையும் 9.5 கிலோ தொல்லை இல்லாமலே ஆமிருக்குக் கிடைத்துவிட்டது. விஜேந்தர் ரசிகர்கள் கொதித்த இடம் இதுதான். வியாபாரக் கண்ணோடு பார்த்தால், இதைவிடச் சுலபமான முடிவு கிடையாது.

ஆனால் அதுவும் நடக்கவில்லை. ஜூன் கடைசியில் ஹரியானாவில் கார் விபத்தில் கோயத் படுகாயம் அடைந்தார். அவசரமாக ஆஸ்திரேலியாவின் பில்லி டிப் மாற்று ஆளாக வந்தார். ஜூலை 12, வெள்ளிக்கிழமை ஜெட்டாவில் டிப்பை 4-வது சுற்றில் முடித்தார் ஆமிர். மறுநாள், ஜூலை 13, சனிக்கிழமை இரவு அமெரிக்காவின் நியூவார்க்கில் மைக் ஸ்னைடரை விஜேந்தரும் அதே 4-வது சுற்றில் முடித்தார்.

ஒரு நாள் வித்தியாசத்தில், இரண்டு கண்டங்களில், இருவரும் வேறு யாரையோ அடித்துக்கொண்டிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமை லார்ட்ஸில் கிரிக்கெட் உலகக் கோப்பை இறுதிப் போட்டி. நம்மில் பலருக்கு இந்த இரண்டு சண்டையும் நடந்ததே தெரியாது.

“இந்தியா – பாகிஸ்தான் பிரச்சினைதான் காரணம்” என்கிறார்களே?

ஓரளவு பாதித்திருக்கலாம். ஆமிர் பிரிட்டிஷ் குடிமகன் என்றாலும், அவரை வைத்து இந்த மோதலை விற்றால் அது இந்தியா – பாகிஸ்தான் மோதலாகத்தான் விற்கும். 2019 பிப்ரவரியில் புல்வாமா தாக்குதலுக்குப் பிறகு அப்படி ஒரு நிகழ்ச்சியை டெல்லியிலோ மும்பையிலோ நடத்துவது லேசான காரியம் இல்லை. ஆனால் இதற்கு மாற்று இருந்தது. துபாயிலும் ஜெட்டாவிலும் ரிங் இருந்தது. சொல்லப்போனால் 2019 நவம்பரில் விஜேந்தரே துபாயில்தான் சார்லஸ் அடாமுவை வென்றார். எனவே அரசியல் ஒரு தடங்கல் மட்டுமே, சுவர் இல்லை.

விஜேந்தர் பக்கம் தப்பே இல்லையா?

எதிர்க்கட்சி கேட்கும் கேள்வி இது, நியாயமான கேள்விதான். ஸ்னைடர் சண்டையோடு விஜேந்தரின் கணக்கு 11 சண்டை, 11 வெற்றி. டிப் சண்டையோடு ஆமிரின் கணக்கு 34 வெற்றி, 5 தோல்வி. தோற்றவர்கூட யார் யாரிடம் தோற்றார் என்று பார்க்க வேண்டும். டேனி கார்சியா, கனெலோ, க்ராஃபோர்டு போன்ற முன்னணி வீரர்களிடம் தோற்றவர் ஆமிர். விஜேந்தரின் 11 வெற்றியில் அந்தத் தரத்தில் ஒருவர்கூட இல்லை.

தோல்வியே இல்லாத கணக்கு ஒரு பாக்ஸருக்குப் பெரிய சொத்து. அதைப் பத்திரமாக வைத்திருந்தால் ஒவ்வொரு சண்டையையும் விற்கலாம். ஆமிரிடம் தோற்றால் அந்தச் சொத்து போகும். ஆமிருக்கோ நேர்மாறு: ஜெயித்தால் “11 சண்டை ஆடினவனை அடிச்சான்” என்பார்கள், தோற்றால் “விஜேந்தர்கிட்டயே தோத்துட்டான்” என்பார்கள். இரு பக்கமும் சவால் விடுவதில் லாபம் இருந்தது. பேட்டி வரும், பெயர் அடிபடும். கையெழுத்துப் போடுவதில்தான் நஷ்டம் இருந்தது. இருவருமே கோழை இல்லாமல், இருவருமே பொய் சொல்லாமல், சண்டை மட்டும் நடக்காமல் போனது இப்படித்தான்.

காத்திருந்ததில் என்ன போனது?

பட்டம் தவறி விதைத்தால் பயிர் நிற்கும், மணி பிடிக்காது. பாக்ஸருக்கும் அதே கணக்கு.

விஜேந்தர் 2021 மார்ச்சில், கோவா பனாஜியில் ஒரு கேசினோ கப்பலின் மேல்தளத்தில் ரஷ்யாவின் ஆர்டிஷ் லோப்சானிடம் முதல் தோல்வியைச் சந்தித்தார். 2022 ஆகஸ்ட்டில் ராய்ப்பூரில் எலியாசு சுலேவை வென்றார். அத்துடன் கணக்கு 13 வெற்றி, 1 தோல்வி. தோல்வியே இல்லாத கணக்கைக் காப்பாற்றி வைத்திருந்தது கடைசியில் பெரிய சண்டைக்குச் செலவாகவில்லை; பெரிதாகப் பெயர் தெரியாத ஒருவரிடம் போய்விட்டது.

ஆமிர், பல வருடம் தள்ளிப்போட்ட இன்னொரு சண்டையை 2022 பிப்ரவரியில் ஆடினார். பிரிட்டனின் கெல் புரூக்குடன், 149 பவுண்டு கேட்ச்வெயிட்டில், மான்செஸ்டரில். இருவருக்கும் வயது 35. ஆமிர் 6-வது சுற்றில் தோற்றார், மே மாதம் ஓய்வை அறிவித்தார். அந்தச் சண்டை தொடர்பான ஊக்கமருந்துப் பரிசோதனையில் சிக்கியதாக 2023-ல் அவருக்கு 2 ஆண்டு தடையும் வந்தது.

இருவரின் இழப்பைவிடப் பெரியது ஒன்று இருக்கிறது. 2016-ல் டெல்லியில் கூடிய கூட்டம், இந்தியாவில் தொழில்முறை பாக்ஸிங் ஒரு வேலையாக முடியும் என்ற நம்பிக்கையைக் கொடுத்தது. அந்த நம்பிக்கைக்கு ஒரு பெரிய ராத்திரி தேவைப்பட்டது. கிரிக்கெட்டுக்கு 1983 மாதிரி ஒன்று. விஜேந்தர் தோற்றிருந்தாலும் பரவாயில்லை, அந்த ராத்திரி நடந்திருந்தால் ஸ்பான்சர் வந்திருப்பார், சேனல் வந்திருக்கும், உள்ளூரில் சின்னச் சின்ன கார்டுகள் நடந்திருக்கும். அது நடக்காததால், இன்றும் ஒரு இந்திய பாக்ஸர் தொழில்முறையில் மேலே வர வேண்டும் என்றால் வெளிநாட்டு புரமோட்டரின் கதவைத்தான் தட்ட வேண்டியிருக்கிறது. பாரிஸ் ஒலிம்பிக் வீரர் நிஷாந்த் தேவ் 2025 ஜனவரியில் தொழில்முறைக்கு வந்ததும் மேட்ச்ரூம் வழியாக, லாஸ் வேகஸில்தான்.

தமிழ்நாட்டுக்கும் இதில் பங்கு உண்டு. வடசென்னையில் பரம்பரை பரம்பரையாகக் குத்துச்சண்டை வளர்ந்த மண் இது. 1980-ல் முகமது அலியே மெட்ராஸ் வந்து நேரு ஸ்டேடியத்தில் ஜிம்மி எல்லிஸுடன் காட்சிப் போட்டி ஆடினார். 1994-ல் பாங்காக் உலகக் கோப்பையில் சென்னையின் வி.தேவராஜன் வெண்கலம் வென்றார். இத்தனை இருந்தும், நம் பையன் ஒருவன் பாக்ஸிங்கைத் தொழிலாகச் செய்யப் போகிறேன் என்றால், எங்கே போய் யாரிடம் கையெழுத்துப் போடுவது என்று சொல்ல வீட்டிலும் ஊரிலும் ஆள் இல்லை.

அடுத்த முறை விவாதம் வந்தால்...

ஒரு பெரிய சண்டை அறிவிப்பு வரும்போதும், வராமல் இழுக்கும்போதும், “யார் பயந்தது?” என்பதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்விகள் நான்கு.

ஒன்று: இருவரும் ஒரே எடைப் பிரிவா? இல்லையென்றால் யார் எத்தனை கிலோ விட்டுக்கொடுப்பது?

இரண்டு: கட்டாயப்படுத்த ஏதாவது அமைப்புக்கு அதிகாரம் உண்டா?

மூன்று: இரு புரமோட்டர்களும் இரு சேனல்களும் இதற்கு முன் சேர்ந்து வேலை செய்திருக்கிறார்களா?

நான்கு: பணம் உண்மையில் எங்கிருந்து வருகிறது? தேதி அறிவித்தாலும் பணம் வராவிட்டால் என்ன ஆகும் என்பதற்கு ஆமிர் – பக்கியாவ் போதும்.

விஜேந்தர் – ஆமிர் சண்டையை இந்த நான்கிலும் வைத்துப் பாருங்கள். முதல் கேள்விக்கே 9.5 கிலோ இடிக்கிறது. இரண்டாவதற்கு யாருமே இல்லை. மூன்றாவதில் 2019 ஏப்ரலில் மட்டும் ஒரு கதவு கொஞ்சம் திறந்தது. நான்காவதில், பணம் வந்த ஒரே சமயத்தில் அது கோயத் பக்கம் போனது.

டீக்கடையில் இதைச் சொன்னால், “அப்ப பயமே இல்லைங்கிறியா?” என்று யாராவது கேட்பார்கள். இருந்திருக்கலாம். முகத்தில் குத்து வாங்கும் தொழிலில் பயம் எல்லோருக்கும் உண்டு. ஆனால் சுவரில் ஒட்டியிருக்கும் அந்தக் கபடி நோட்டீஸைத் திரும்பிப் பாருங்கள். தேதி, எடை, பரிசு, நடத்துபவர் பெயர் நான்கும் அதில் இருக்கின்றன. பயந்தவனும் அன்றைக்கு மைதானத்துக்கு வந்துதான் ஆக வேண்டும். விஜேந்தர் – ஆமிர் சண்டைக்கு அப்படி ஒரு நோட்டீஸை யாரும் அச்சடிக்கவே இல்லை.